வடுவும் மெருகும்

ஒரு மேசைக்காக அண்ணனும் தங்கையும் ஐந்து மாதம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தார்கள் என்றால் நம்புவீர்களா? நம்பத்தான் வேண்டும். அந்த வழக்கில் மத்தியஸ்தம் செய்யப் போய், கடைசியில் நானே குற்றவாளிக் கூண்டில் ஏறி நின்றுவிட்டு வந்தவன். ஆகையால் சொல்கிறேன்.

அண்ணன் கடலூரில், மஞ்சக்குப்பத்தில் இருக்கிறார். வங்கியில் உத்தியோகம். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். பல வருஷத்துச் சிநேகிதர். தங்கை சிதம்பரத்தில் பள்ளிக்கூட ஆசிரியை. அண்ணன் தங்கை வீட்டுக்கோ, தங்கை அண்ணன் வீட்டுக்கோ பஸ் ஏறாத மாதம் கிடையாது. அப்படி இருந்தவர்களைப் பிரித்தது நிலமல்ல, நகையல்ல, பாங்கில் கிடந்த பணமும் அல்ல. ஒரு பழைய பலாமர மேசை.

அது அவர்களுடைய தாயாரின் மேசை. கணவர் சிறு வயதிலேயே போய்விட, அந்த அம்மாள் ஒரு கைத் தையல் மெஷினை வைத்துக்கொண்டு அக்கம் பக்கத்துக்கு ரவிக்கையும் பாவாடையும் தைத்துக் கொடுத்து இரண்டு குழந்தைகளையும் ஆளாக்கினார். துணி வெட்டுவதும், அடையாளம் வைப்பதும், இஸ்திரி போடுவதும் எல்லாம் அந்த மேசை மேல்தான். முன்பக்கத்து விளிம்பு, அந்த அம்மாளின் முழங்கை ஊன்றிய இடத்தில், ஆற்றங்கரைக் கல் மாதிரி வழவழவென்று தேய்ந்து கிடக்கும். பல்சக்கரம் ஓடிய புள்ளி வரிசைகள், கத்திரிக்கோல் நுனி இறங்கிய பள்ளங்கள். இவை எல்லாவற்றுக்கும் நடுவில், தோணியைக் கவிழ்த்து வைத்தது போல, கரி இஸ்திரிப் பெட்டி தீய்த்த கறுப்பு வடு ஒன்று.

அம்மாள் காலமான பிறகு வீட்டைக் காலி செய்தார்கள். மேசையை யார் எடுத்துக்கொள்வது என்பதில் சண்டை இல்லை. தங்கை கேட்டாள், அண்ணன் சரி என்றார். “ஆனா இப்படியே குடுக்க மாட்டேன். இழைச்சு, மெருகு போட்டு, புதுசா ஆக்கிக் குடுக்கறேன்” என்றார். “அம்மாவையே இழைக்கப் போறியா?” என்று கேட்டுவிட்டாள் தங்கை. அந்த ஒரு வார்த்தையோடு பேச்சு நின்றது.

அண்ணன் மேசையைத் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு வயதான தச்சரிடம் கொண்டுபோய்ப் போட்டார். ஆனால் இழைக்கச் சொல்லவும் மனம் வரவில்லை. “நீங்க ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு வார்த்தை சொல்லுங்க” என்று என்னிடம் வந்தார். கதை எழுதுகிறவனுக்கு எல்லார் மனசும் தெரியும் என்று ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையைக் கெடுக்க எங்களுக்கும் மனம் வருவதில்லை.

இது வெறும் ரசனை வித்தியாசம் என்றுதான் முதலில் நான் நினைத்தேன். ஒருவருக்குக் காபியில் சர்க்கரை தூக்கலாக வேண்டும். இன்னொருவருக்குக் கசக்க வேண்டும். இதில் தர்மம் எங்கே வந்தது, அதர்மம் எங்கே வந்தது?

நம் வீடுகளில் வழிவழியாக வந்த ரசனை அண்ணனுடையதுதான். பொங்கல் வந்தால் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்போம். பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்துப் பொன்னாக்குவோம். ‘பழசு’ என்றால் நமக்கு ஏச்சுச் சொல்தான். மரச்சாமானுக்கும் அதே நியாயம். அரக்குப் பூச்சி சுரக்கும் பிசினை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சைத் துணியில் சுருட்டி அதில் தோய்த்து, ஒரு பூச்சு காய்ந்ததும் மறுபூச்சாக ஏற்றி ஏற்றி, முகம் தெரிகிற அளவுக்கு மெருகு கொண்டுவருவது ஒரு பெரிய வித்தை. சூடான டம்ளரை வைத்தால் வெள்ளை வளையம் விழுந்துவிடும் என்று அந்தக் காலத்தில் அதற்குப் பயந்து நடந்தோம். இப்போது மெலமைன், பி.யு. என்று கண்ணாடித் தோலே போர்த்திவிடுகிறார்கள். பயமும் போயிற்று; மரத்தைத் தொடுகிற சுகமும் போயிற்று.

பழையது பழையதாகவே இருக்க வேண்டும் என்ற தங்கையின் ரசனையும் நேற்று முளைத்ததல்ல. இங்கிலாந்தில் ஜான் ரஸ்கின் 1849-இல் எழுதிய நூலில், பழைய கட்டடத்தைப் புதுப்பிப்பது என்பதே அதை அழிப்பதுதான் என்று வாதாடினார். 1877-இல் வில்லியம் மாரிஸ் பழைய கட்டடங்களைக் காப்பதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார். சுரண்டாதே, தொடாதே என்பதுதான் அவர்கள் கட்சி. அதே காலத்தில் பிரான்சில் வியோலே-லெ-துக் என்ற கட்டடக் கலைஞர், எப்படி இருந்திருக்க வேண்டுமோ அப்படி முழுமையாக்கு என்று எதிர்க்கட்சி ஆடினார். மஞ்சக்குப்பத்துக்கும் சிதம்பரத்துக்கும் நடந்த வழக்கு, அங்கே லண்டனுக்கும் பாரிசுக்கும் நடந்திருக்கிறது.

ஜப்பானில் பாருங்கள், இரண்டு கட்சியும் ஒரே வீட்டில் குடித்தனம் செய்கின்றன. ஈஸே என்ற ஊரில் இருக்கும் மரக் கோயிலை இருபது வருஷத்துக்கு ஒரு முறை பக்கத்து மனையில் அச்சாகப் புதிதாகக் கட்டுகிறார்கள். 2013-இல் நடந்தது அறுபத்திரண்டாவது முறை. அதே ஜப்பானியர்கள்தான், கிண்ணம் உடைந்தால் அதன் விரிசலை மறைக்காமல், அரக்கும் தங்கப்பொடியும் வைத்து ஒட்டி, உடைந்த கோட்டையே அலங்காரமாக்கிக் கும்பிடுகிறார்கள். புதுப்பிப்பவனும் ஏமாற்றவில்லை, வடுவைக் காப்பவனும் ஏமாற்றவில்லை. நடந்தது இன்னதென்று இரண்டு பேரும் ஊரறியச் சொல்லிவிட்டே செய்கிறார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? சிதம்பரத்தில் சிற்சபையே மரத்தால் ஆனதுதான். மேலே பொன்னோடு, எண்ணிக்கை 21,600, ஒரு நாளைக்கு மனிதன் விடும் மூச்சின் கணக்கு அது என்று சொல்வது மரபு. கீழே மரம். அந்தப் பொன் பழுப்பேறிக் கிடக்கட்டும், அதுதான் அழகு என்று எந்தப் பக்தனும் சொல்ல மாட்டான். கும்பாபிஷேகம் என்றால் புதுப்பிப்பதுதான். ஆனால் நம் கோயில்கள் சிலவற்றில் கல்சுவரைச் சுத்தம் செய்கிறோம் என்று மணலைப் பீய்ச்சி அடித்ததில் கல்வெட்டு எழுத்துகள் தேய்ந்தபோது, விஷயம் தெரிந்தவர்கள் பதறிப்போய்க் கூச்சலிட்டார்கள். ஓடு மங்கினால் துலக்கலாம். எழுத்து தேய்ந்தால் திரும்ப வருமா? அப்படியானால் மேசை மேல் இருப்பது அழுக்கா, எழுத்தா? கேள்வியை இங்கே கொண்டுவந்து நிறுத்திக்கொண்டு நான் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினேன்.

தங்கையின் வீட்டுத் திண்ணையில் ஒரு பெஞ்சு கிடந்தது. கறுத்துப் போன மரம், விளிம்பெல்லாம் தேய்வு, பூச்சி அரித்த துளைகள், காலில் நீலச் சாயம் உரிந்த தடம். “உட்காருங்க அண்ணா. செட்டிநாட்டு வீட்டுப் பெஞ்சு. நூறு வருஷத்துக்கு மேல ஆச்சாம். புதுச்சேரி போற வழியில ஒரு கடையில வாங்கினேன்” என்றாள். விலையையும் சொன்னாள். அந்த விலைக்கு என் வீட்டு மரச்சாமான் அத்தனையும் வாங்கலாம்.

செட்டிநாட்டுச் சாமான் என்றாலே நம் மனத்தில் ஒரு மரியாதை எழுவது நியாயந்தான். பர்மாவில் வியாபாரம் செய்த நகரத்தார்கள் அங்கிருந்து தேக்கைக் கப்பலில் கொண்டுவந்து தூணும் கதவுமாக நிறுத்தினார்கள். சிதம்பரத்துக்குப் பக்கத்தில் 1929-இல் எழும்பிய அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் செட்டிநாட்டுச் செல்வம் தந்ததுதான். 1942-இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தார்கள். போர் முடிந்தும் பழைய வியாபாரம் திரும்பவில்லை. பெரிய வீடுகள் பங்கு பங்காகப் பிரிந்தன. பேரன்மார்கள் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போனார்கள். கதவும் தூணும் ஊஞ்சல் பலகையும் காரைக்குடிக் கடைகளுக்கு வந்தன. விற்றவனுக்கு அது தட்டுமுட்டுச் சாமான், வாங்கினவனுக்குப் பொக்கிஷம். ஆனால் ஒரு சங்கடம்: பழசு என்பது ஓர் அளவுக்கு மேல் விளையாது. கேட்கிறவர்கள் பெருகினால் எங்கே போவது?

அந்த ‘எங்கே’ என்பதற்குப் பதில் அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது.

மேசையைக் கண்ணால் பார்த்தபிறகே பேச முடியும் என்று சொல்லி, தங்கையைக் கடலூருக்கு வரவழைத்தேன். அண்ணனும் வந்தார். ஒருவரை ஒருவர் பார்க்காமல், இரண்டு பேரும் என்னையே பார்த்துக்கொண்டு தச்சுப் பட்டறைக்குள் நுழைந்தோம். மேசை ஒரு மூலையில் சாக்குப் போர்த்திக் கிடந்தது. ஆனால் தங்கை அதைப் பார்க்கவில்லை. எதிர் மூலையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

அங்கே மூன்று பெஞ்சுகள். அவள் வீட்டுத் திண்ணையில் கிடப்பதற்கு உடன்பிறப்புகள். ஒன்று கறுத்து, தேய்ந்து, துளையும் விழுந்து, நூறு வயது ஆகியிருந்தது. இன்னொன்று பாதி வயதில் இருந்தது. மூன்றாவது இன்னும் பிறந்த மேனியில், மஞ்சள் கிழங்கை நறுக்கி வைத்தாற்போலப் பளீரென்று இருந்தது. பலாமரம்!

“இது… என் வீட்டுல…” என்றாள்.

தச்சர் புரிந்துகொண்டார். எழுபதைத் தாண்டிய பெரியவர். மறைக்கவில்லை. “ஆமாம்மா, நம்ம கைவேலைதான்” என்றார்.

“நூறு வருஷம்னு சொன்னாங்களே ஐயா!”

“மரத்துக்கு வயசு இருக்கும்மா. பெஞ்சுக்குத்தான் இல்ல. தானே புயல்ல விழுந்த மரம் இது. பண்ருட்டிப் பக்கம் ஒரு தோப்பு. அவங்க தாத்தா வச்ச மரம். விழுந்த அன்னிக்கு அந்த மனுஷன் வேரைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாரு. நான் பார்த்தேன். அந்தக் கட்டைங்கள வாங்கிப் போட்டு, காய வச்சு, இன்னைக்கும் எடுத்துக்கிட்டு இருக்கேன்.”

2011 டிசம்பர் 30 விடியற்காலையை எங்கள் ஜில்லாவில் யாரும் மறக்க முடியாது. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை ஏறிய அந்தப் புயல், பண்ருட்டிச் செம்மண்ணில் தலைமுறை தலைமுறையாக நின்ற பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்துவிட்டுப் போயிற்று. பலா என்றால் எங்களுக்குப் பழம் மட்டுமல்ல. தஞ்சாவூர் வீணைக்கும் மிருதங்கத்துக்கும் உடம்பு அதுதான். நட்டவன் பேரனுக்குத்தான் பலன் என்று வைக்கிற மரம். அது ஒரு ராத்திரியில் விறகாயிற்று.

அந்த மரத்துக்கு உண்மையாகவே ஒரு சரித்திரம் இருந்தது. கண்ணீர் நனைந்த சரித்திரம். அதைச் சொல்லி அந்தப் பெஞ்சை விற்கக் கூடாதா? கூடாது, அதற்கு விலை இல்லை. பண்ருட்டி விவசாயியின் துக்கத்தை யார் திண்ணையில் போட்டுக்கொள்ள ஆசைப்படுவார்கள்? செட்டிநாட்டு வைபவத்துக்குத்தான் சந்தை. ஆகையால் மரத்தின் சொந்தக் கதையை அழித்துவிட்டு, மேலே வேறொரு வீட்டுக் கதையை எழுதுகிறார்கள்.

எழுதுகிற விதத்தையும் பெரியவர் சொன்னார். சொல்லும்போது கலைஞனுக்குரிய கர்வம் இல்லாமல் இல்லை. கடுக்காய்த் தண்ணீர் பூசி, அது காய்ந்ததும் துருப்பிடித்த ஆணி ஊறிய காடியைப் பூசினால் மரம் கண்ணெதிரே கறுக்கிறது. சங்கிலியால் அடித்தால் தழும்பு. குத்தூசியால் குத்தினால் பூச்சித் துளை. இரண்டு வர்ணம் அடித்து உப்புத்தாளால் தேய்த்தால் தலைமுறை தலைமுறையாகச் சாயம் பூசிய தோற்றம்.

“ஆனா தெரிஞ்சவன் கண்டுபிடிச்சுடுவான் சார். நெசமான பூச்சி வளைஞ்சு வளைஞ்சு போகும். என் ஊசி நேராப் போகும். நெசமான பெஞ்சு கைபட்ட இடத்துல, கால்பட்ட இடத்துலதான் தேயும். நான் எல்லா இடத்துலயும் தேய்க்கிறேன். நெசமாவே பழைய வட்ட மேசைன்னா அளந்து பாருங்க, வட்டமா இருக்காது. மரம் குறுக்குவாட்டுலதான் சுருங்கும். கோழி முட்டை கணக்கா ஆயிருக்கும். அதையெல்லாம் யாரு அளக்குறாங்க?”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “மொத தடவை சங்கிலியைத் தூக்கினப்ப கை வரலை சார். ஒரு கீறல் விழாம வேலை செய்யணும்னு எங்கப்பா அடிச்சு அடிச்சுக் கத்துக்கொடுத்தாரு. இப்ப கீறல் போடத்தான் கூலி. என்ன செய்ய? ஒருத்தர் பழசைப் புதுசாக்கச் சொல்றாரு, இன்னொருத்தர் புதுசைப் பழசாக்கச் சொல்றாரு. எனக்கு ரெண்டும் ஒரே கூலிதான். கடைக்காரர் என்ன சொல்லி விக்கிறாருன்னு நான் கேக்கறதில்லை” என்றார்.

“கேட்காமல் இருப்பது சரியா?” என்று நான் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

பெரியவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “சார் கதை எழுதறவருன்னு சொன்னாங்க. நீங்க எழுதறதெல்லாம் நடந்ததா? நடக்காததை நடந்த மாதிரி எழுதறீங்க, படிக்கறவங்க அழறாங்க. நான் அடிபடாத மரத்துல அடிபட்ட மாதிரி செய்யறேன், வாங்கறவங்க சந்தோஷப்படறாங்க. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் சார்?”

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்தபிறகு வந்தது. பதில் எப்போதும் அப்படித்தானே வரும்! நாவல் எழுதுகிறவன் அட்டையிலேயே ‘நாவல்’ என்று போட்டுவிடுகிறான். இது புனைந்தது என்று வாசகருக்கும் தெரியும், எழுதினவனுக்கும் தெரியும். தெரிந்துகொண்டே இரண்டு பேரும் சேர்ந்து அழுகிறார்கள். புதுப் பெஞ்சுக்குப் பழைய தோற்றம் கொடுத்து, ‘இது பழைய பாணியில் செய்த புதுப் பெஞ்சு’ என்று எழுதி வைத்தால் அதிலும் பாவம் இல்லை. அது ஒரு ரசனை. எனக்குப் பிடிக்காவிட்டால் நான் வாங்காமல் இருந்துவிட்டுப் போகிறேன். பொய் கீறலில் இல்லை. கீறலைக் காட்டிச் சொல்லும் வார்த்தையில் இருக்கிறது.

இப்படி என்னை நானே விடுதலை செய்துகொண்டு படுத்தேன். தூக்கம் வரவில்லை. பழைய ஞாபகம் ஒன்று வந்து தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டது.

பல வருஷத்துக்கு முன்னால் பசியைப் பற்றி ஒரு கதை எழுதினேன். நல்ல பெயர் வாங்கித் தந்த கதை. ஒரு கூட்டத்தில் ஓர் இளைஞர், கண் கலங்கி, “இது உங்கள் சொந்த அனுபவம்தானே ஐயா?” என்று கேட்டார். நான் வசதியான வீட்டுப் பிள்ளை இல்லைதான். ஆனால் ஒரு வேளை பட்டினி கிடந்தவனும் இல்லை. ‘இல்லை’ என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. புன்னகை செய்தேன். அந்த இளைஞர் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார். கதை பொய்யில்லை, அந்தப் புன்னகைதான் சங்கிலியடி. பெரியவராவது கூலிக்கு அடித்தார். நான் அடித்துவிட்டுக் கடைக்காரனாகவும் நின்றேன்.

மேசைக்கு வருகிறேன். அன்று பட்டறையில் தங்கை வேறொன்றும் பேசவில்லை. மேசையின் மேலிருந்த சாக்கை விலக்கி அந்தத் தீய்ந்த வடுவை ஒரு தரம் தடவிப் பார்த்துவிட்டு, “எதுவும் செய்யாதீங்க ஐயா” என்று பெரியவரிடம் சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அண்ணனும் நானும் மஞ்சக்குப்பத்துக்கு நடந்தோம். கெடிலம் பாலத்தின் நடுவில் அவர் நின்றார்.

“அந்தக் கறுப்பு வடு எப்படி வந்ததுன்னு அவளுக்குத் தெரியாது” என்றார்.

தங்கைக்குத் தெரிந்தது இதுதான்: அவள் பள்ளிக்கூடச் சம்பளத்துக்காக அம்மா ராத்திரி கண்விழித்துத் தைத்தாள், தூக்கக் கலக்கத்தில் இஸ்திரிப் பெட்டி கை தவறியது, மேசையும் தீய்ந்தது, முழங்கையும் வெந்தது. அம்மாவே சொன்ன கதை. கடைசி வரை சொன்ன கதை.

நடந்தது வேறு. இவருக்கு அப்போது பத்து வயது. தீபாவளிக்குச் சட்டை இல்லை என்று கோபம். ஊருக்கெல்லாம் தைக்கிறாயே, எனக்கு இல்லையா என்று கத்திக்கொண்டு மேசையைப் பிடித்து உலுக்கினார். கனல் நிறைந்த பெட்டி கவிழ்ந்தது. அம்மாள் பிள்ளையின் மேல் விழாமல் கையைக் குறுக்கே கொடுத்தாள். நாலு வயதுத் தங்கை உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். அக்கம் பக்கத்தார் ஓடி வந்தபோது அம்மாள் சொன்ன வார்த்தை, “கை தவறிடுச்சு.”

“அவ அதைத் தொட்டுக் கும்பிடறா. நான் அதைப் பார்த்தா… அம்மா கை வேகற வாசனை வருது எனக்கு. இழைச்சுடணும்னு நினைச்சது மெருகுக்காக இல்லை” என்றார். கீழே ஆற்றில் தண்ணீர் அதிகம் இல்லை. அதையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றோம்.

எத்தனை சுலபமாக ‘ரசனை வித்தியாசம்’ என்று நான் தீர்ப்பு எழுதியிருந்தேன்! பழசை வழவழப்பாக்க நினைப்பவன் பழமையை மதிக்காதவன், வடுவைக் காப்பவன் மதிப்பவன் என்று படித்தவர்கள் நாம் ஒரு தராசு வைத்திருக்கிறோம். இங்கே வடுவை மறக்க முடியாதவர்தான் அதை அழிக்க நினைத்தார். அதன் கதை தெரியாதவள்தான் காப்பாற்ற நினைத்தாள். ஒரே வடு, ஒருத்திக்குத் தாயின் தியாகம், ஒருவருக்குத் தன் பாவம். மரச்சாமானில் நம் ரசனை என்று நாம் சொல்வதில், அந்தப் பழைய நாளில் நாம் எந்தப் பக்கம் நின்றோம் என்பதும் கலந்திருக்கிறது.

இன்னொன்றும் அந்தப் பாலத்தில் எனக்கு உறைத்தது. வடுவுக்குப் பொய்க் கதை கட்டுவது பாவம் என்று நான் முடிவு கட்டியிருந்தேன் அல்லவா? அந்த அம்மாளும் கட்டினாளே! கடைக்காரன் சொன்ன பொய்க்கும் அவள் சொன்ன பொய்க்கும் என்ன வித்தியாசம்? இரண்டும் நடக்காததை நடந்ததாகச் சொல்வதுதான். ஆனால் கடைக்காரனின் பொய்க்கு விலை கொடுத்தவள் வாங்கினவள். அம்மாளின் பொய்க்கு விலை கொடுத்தவள் அவளேதான். வெந்த கையையும் வைத்துக்கொண்டு, பழியையும் தானே எடுத்துக்கொண்டாள். பழையதைப் பற்றி ஒரு பொய் சொல்லப்படும்போது அந்தப் பொய்க்கு யார் பணம் கட்டுகிறார்கள் என்று பார்த்தால், பல வழக்குகள் தெளிந்துவிடும் என்று தோன்றுகிறது. என் புன்னகைக்குப் பணம் கட்டியது அந்த இளைஞர். இதையும் எழுதி வைத்துவிடுகிறேன்.

ஆனால் தாய் கட்டிய பொய்யானாலும் அதற்கும் ஒரு வயது உண்டு. பத்து வயதுப் பிள்ளையைக் காப்பாற்றிய அந்தப் பொய், நாற்பது தாண்டிய பிறகு அவர் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது. “அவளிடம் சொல்லிவிடுங்கள்” என்றேன். மத்தியஸ்தனாக நான் சொன்ன ஒரே வார்த்தை அதுதான். அன்றிரவே டெலிபோனில் சொல்லிவிட்டார். மறுமுனையில் வெகுநேரம் சத்தமே இல்லையாம். பிறகு, “அப்ப மேசை உன்னுது அண்ணே. நீ என்ன செஞ்சாலும் சரி” என்றாளாம் தங்கை.

அவர் இழைக்கவில்லை. மேசை இப்போது சிதம்பரத்தில் இருக்கிறது. மேல்பலகையில் யாரும் கைவைக்கவில்லை. ஒரு கால் மட்டும் உளுத்திருந்தது. பெரியவர் அதை அறுத்து எடுத்துவிட்டு, தானே புயலில் விழுந்த பலாவிலேயே ஒரு துண்டு வைத்து இணைத்தார். கறுத்த மேசைக்கு மஞ்சள் கால்! “கடுக்காயும் காடியும் பூசி ஒண்ணாக்கிடட்டுமா?” என்று கேட்டார். அண்ணன் தங்கையைப் பார்த்தார். தங்கை அண்ணனைப் பார்த்தாள்.

“வேண்டாம் ஐயா. பலாதானே? வெளிச்சம் பட்டா அதுவே கறுக்கும்” என்றாள்.

வாஸ்தவம். பலாவின் மஞ்சள் வருஷத்துக்கு வருஷம் தேன் நிறமாகி, பிறகு பழுப்பாகும். யாரும் ஒன்றும் பூச வேண்டாம். சென்ற மாதம் போனபோது பார்த்தேன். இன்னும் மஞ்சளாகத்தான் இருக்கிறது. திண்ணையில் அந்தப் பெஞ்சும் கிடக்கிறது. வருகிறவர்கள் கேட்டால், “பண்ருட்டிப் பலா. தானே புயல்ல விழுந்தது” என்று சொல்கிறாள். செட்டிநாட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.